வட்டத்தில் போட்ட கையெழுத்து

விடை தோன்றியதும் சொல்லிவிட வேண்டாம், கடைசிவரை கேளுங்கள். இந்தப் புதிரில் முதலில் தோற்றவன் நான்.

தூத்துக்குடிப் பக்கத்து உப்பளம் ஒன்றில் எங்கள் சங்கம். முப்பத்தைந்து வருடம் அதன் செயலாளராக இருந்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தைவிடத் துண்டறிக்கைகளில் படித்ததுதான் அதிகம். எங்கள் மனுக்களில் கையெழுத்துகள் வரிசையாக இருக்காது. நடுவில் கோரிக்கை, சுற்றிலும் வட்டமாகப் பெயர்கள். முதலில் போட்டவர் யார் என்று தெரிந்தால் மறுநாள் அவருக்கு வேலை இருக்காது என்பதால் வந்த பழக்கம் அது. வெயிலில் உப்பின் வெள்ளை பார்வையைத் தின்னும். கறுப்புக் கண்ணாடி கேட்டு மட்டும் இப்படி ஆறு மனு கொடுத்தோம். பதில் இல்லை. வழக்குப் போட்டோம்; வாய்தா நாளில் எங்கள் வக்கீலுக்கு வேறு ஊரில் வேலை இருந்தது.

சங்கத்துக்குச் சொந்தமாக ஒரு வக்கீல் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தது அப்போதுதான். உப்பு வாரும் சுடலைவடிவின் ஒரே மகள் லிங்கக்கனி பட்டம் முடித்திருந்தாள். தாயும் மகளுமாக இரண்டே பேர் உள்ள வீடு. தாய் எழுத்துக்கூட்டிப் படிப்பாள். துண்டறிக்கை கொடுத்தால் கடைசி வரிவரை விடமாட்டாள்.

வெளி மாநிலத்துத் தனியார் சட்டக் கல்லூரி ஒன்றில் ஒரு முறை இருந்தது. மற்றவர்களுக்கு முன்பாக, நவம்பரிலேயே விண்ணப்பிக்கலாம். ஆனால், ‘தேர்ந்தெடுத்தால் இங்கேதான் சேருவேன், வேறெங்கும் கொடுத்த விண்ணப்பங்களைத் திரும்பப் பெறுவேன்’ என்று வாக்குக் கொடுக்க வேண்டும். தேர்வானால் படிப்பும் விடுதியும் இலவசம். வாக்குத் தவறினால், பரிந்துரைத்த அமைப்பிலிருந்து அதன்பின் யாரையும் ஏற்கமாட்டார்கள். பரிந்துரைத்தது எங்கள் சங்கம். அடுத்த வருடத்துக்கு இன்னும் இரண்டு பெண்கள் காத்திருந்தார்கள்.

விண்ணப்பத்தில் பாதுகாவலர் கையெழுத்துக்கு ஒரு சிறு கட்டம்தான். நான் பழக்கதோஷத்தில் தாளின் பின்பக்கம், நட்டநடுவில், ‘லிங்கக்கனியை நாங்கள் அனுப்பிவைப்போம்’ என்று எழுதி, கஞ்சி வேளையில் அளத்துக்குக் கொடுத்தனுப்பினேன். நாற்பத்திரண்டு கையெழுத்தோடு திரும்பி வந்தது. பிறகு கல்லூரியிலிருந்து ஓர் அம்மா தொலைபேசியில் கூப்பிட்டு, இதில் பாதுகாவலர் யார் என்று கேட்டாராம்.

“எல்லாரும்தான் மேடம்” என்றாளாம் லிங்கக்கனி.

அந்த வட்டத்தில் ஒரு பெயர் என்னை உறுத்தியது. ஜெபக்கனி. பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு, வேலைநிறுத்தத்தின் பதினோராம் நாள் வேலைக்கு இறங்கியவள். ஏன் இறங்கினாள் என்று நான் கேட்கவில்லை. பதிவேட்டில் அவள் பெயரைச் சிவப்பு மையால் அடித்தேன். சுடலைவடிவும் அன்றிலிருந்து அவளோடு பேசுவதில்லை. இப்போது யாரும் கேட்காமலே கையெழுத்துப் போட்டிருந்தாள். ஆனால் பக்கத்தில் இடம் காலியாக இருக்க, சுடலைவடிவு தன் பெயரை அந்தப் பெயரின் மேலேயே போட்டிருந்தாள்.

“கருங்காலி பேரு மேல ஏறி உக்காந்துட்டா பாத்தியளா அண்ணாச்சி” என்று பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அளம் முழுக்க அந்தச் சிரிப்புப் போயிற்று.

டிசம்பரில் இடம் கிடைத்தது. லிங்கக்கனி மற்ற விண்ணப்பங்களை அன்றே திரும்பப் பெற்றாள். ஜூனில், புறப்பட நான்கு நாள் இருக்கையில், விடுதிக் கடிதம் வந்தது. தாயிடம் கொடுத்தாள். தாய் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, நிதானமாகப் பார்த்துவிட்டு, “நல்லா எழுதியிருக்காவ” என்றாள்.

மகள் அவளை அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். இரண்டு கண்ணிலும் பாதிக்குமேல் போய்விட்டது. மிச்சத்தைக் காப்பாற்ற நாளுக்கு நான்கு வேளை சொட்டு மருந்து விட ஆள் வேண்டும் என்றார் டாக்டர். சுடலைவடிவுக்கு இது ஒரு வருடமாகவே தெரியும்.

மறுநாள் லிங்கக்கனி சங்க அலுவலகத்துக்கு வந்து, கல்லூரிக்கு எழுதிய, இன்னும் அனுப்பாத கடிதத்தை மேசையில் வைத்தாள். சேர இயலவில்லை என்று எழுதியிருந்தாள்.

“எனக்கு நாணயம் இல்லன்னு சொல்லிட்டுப் போட்டும் தோழர். அம்மை கண்ணு போனா யாரு திருப்பித் தருவா?”

பின்னாலேயே மருந்துப் புட்டியோடு சுவரைத் தடவிக்கொண்டு தாய் வந்தாள். “நீ போவணும்னுதான் மறைச்சேன். இப்பப் போமாட்டேன்னா, நான் மறைச்சதுக்கு என்னட்டி அர்த்தம்?”

காத்திருக்கும் இரண்டு பெண்கள் ஒரு பக்கம், அந்தக் கண்கள் ஒரு பக்கம். மேசையில் கிடந்த கடிதத்தையே திருப்பித் திருப்பிப் படித்தேன். ஊருக்கெல்லாம் முழக்கம் எழுதிக்கொடுத்தவன் நான்.

ஆஸ்பத்திரிச் செய்தி அதற்குள் அளம் முழுக்கப் போயிருந்தது. அப்போது ஜெபக்கனி உள்ளே வந்தாள். பன்னிரண்டு வருடமாக அந்த வாசலை மிதிக்காதவள். என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேராகப் போய்ச் சுடலைவடிவின் கையிலிருந்த புட்டியை வாங்கிக்கொண்டாள்.

“ஏளா, நீ என் பேரு மேலதானே உக்காந்திருக்க. அப்பச் சுமக்கிறவ நாந்தான். அனுப்பிவைப்போம்னு எழுதியிருந்துச்சு, போட்டேன். நாலு வேளையும் நான் வந்து விடுதேன்.”

கண் போவதை மறைத்து மகளை வாக்குக் கொடுக்க வைத்தாள் தாய். அந்தக் கண்ணுக்காக வாக்கை விடத் துணிந்தாள் மகள். உரிமை இல்லாத இடத்தில் பெயரைப் போட்டுவிட்டு, அதைச் சுமக்க வந்து நின்றாள் மூன்றாமவள். இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: ஜெபக்கனி. தாயின் அன்பு பெரிது. ஆனாலும் மகளுக்கு உண்மை தெரியாமல் வாங்கிய வாக்கு அது. மகளின் முடிவிலும் குற்றமில்லை. ஆனால் தன் ஒருத்தியின் வாக்கு என்று நினைத்துவிட்டாள். போகிறேன் என்றது அவள். அனுப்பிவைப்போம் என்றது நாற்பத்திரண்டு பேர். அனுப்புகிறவர்கள், போகிறவள் விட்டுச்செல்வதை ஏற்க வேண்டும். வட்டத்தில் முதல் ஆள் இல்லை என்று நான் ஊருக்குச் சொல்லிக்கொடுத்தேன். கடைசி ஆளும் இல்லை என்று, நான் பதிவேட்டில் பெயரை அடித்தவள் எனக்குக் காட்டினாள். பக்கத்தில் காலியிடம் இருக்க ஒருத்தி ஏன் இன்னொரு பெயரின்மேல் எழுதினாள் என்று நான் அன்றே கேட்டிருக்க வேண்டும். பழைய கோபம் கேட்கவிடவில்லை. லிங்கக்கனி ரயிலேறினாள். அடுத்த கூட்டத்தில் ஜெபக்கனிக்கு நன்றி சொல்லும் தீர்மானத்தை நானே எழுதி, வட்டத்துக்கு விட்டேன். ஜெபக்கனியும் போட வேண்டும் என்று பெண்கள் விடவில்லை. போட்டுவிட்டு, சுடலைவடிவின் விரலைப் பிடித்துக் காலியிடம் எது என்று தொட்டுக் காட்டினாள். சுடலைவடிவு கையை விடுவித்துக்கொண்டு, “உன் பேரு எங்கிட்டு இருக்கு?” என்று கேட்டு, அதன் மேலேயே போட்டாள்.