கைக்கு அடக்கமான துப்பாக்கி

கோவைக்கு வெளியே மலையடிவாரத்தில் ஒரு துப்பாக்கி கிளப் இருக்கிறது. அங்கே சுடக் கற்றுத் தருபவர் பிலோமினா டீச்சர். அவருக்கு முப்பத்து நான்கு வயது. அவருடைய சீடர் வரதராஜுலுவுக்கு அறுபது.

சீடர் என்ற சொல் அந்தக் கிளப்பில் புழக்கத்தில் இல்லை. வரதராஜுலுதான் தன்னை அப்படிச் சொல்லிக்கொள்வார். பம்பு செட் உதிரிபாகம் விற்கிறவர். அறுபது வயதில் புதிதாக ஒரு பைத்தியம் பிடித்தால் அது லேசில் விடாது. ஞாயிறு காலை ஆனால் வந்துவிடுவார். மனைவி வசுமதி ஃப்ளாஸ்க்கில் காபியோடு கூடவே வந்து, சுடும் கோட்டுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்.

இந்த வருஷம் வரதராஜுலுவின் வலது மணிக்கட்டு மக்கர் செய்தது. பெரிய துப்பாக்கி கொடுக்கிற உதையை அது தாங்கவில்லை. கை வேண்டுமா துப்பாக்கி வேண்டுமா என்று டாக்டர் கேட்டுவிட்டார். சுடுவதை விடுவது என்று நினைத்தாலே மனுஷருக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் அந்தச் சின்னத் துப்பாக்கி வந்தது. வால்பாறையில் எஸ்டேட் வைத்திருந்த ஒரு நண்பர் மகனோடு வெளிநாடு போகிறார். தன் பாயின்ட் டூ டூ பிஸ்டலை விற்கச் சொல்லிக் கிளப்பின் ஆயுத அறையில் ஒப்படைத்திருந்தார். இன்னொருவரும் கேட்கிறார், ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு முடிவு சொல் என்று வரதராஜுலுவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அதைப் பார்த்தவர்களுக்கு ஆசை வராமல் இருக்காது. ராணுவத்துக்காரர்கள் இடுப்பில் வைத்திருக்கும் பெரிய பிஸ்டலை அப்படியே அளவு குறைத்துச் செய்திருந்தார்கள். அதே வளைவு, அதே பிடி, அதே இடத்தில் அதே குமிழ். எல்லாம் குட்டியாக. உதை இல்லை, கனம் இல்லை, தோட்டாவும் மலிவு.

வாரம் முழுக்க வரதராஜுலு டீச்சருக்குப் போன் போட்டபடி இருந்தார். பெரியதில் பழகிய கை சின்னதில் கெட்டுப் போகுமா? சின்னதில் பழகினால் பெரியது மறந்து போகுமா? இதை எதற்காகத்தான் செய்தார்கள், சின்னக் கை உள்ளவர்களுக்கா, தோட்டாச் செலவை மிச்சம் பிடிக்கிறவர்களுக்கா? எல்லாவற்றுக்கும் டீச்சரிடம் ஒரே பதில்தான். ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.

ஞாயிறு வந்தது. வேறு யாரும் வரும் முன்பே மேஜை மேல் இரண்டு துப்பாக்கிகளும் இருந்தன, பெரியதும் சின்னதும்.

"முதல்ல பெருசை எடுங்கண்ணா" என்றார் டீச்சர்.

வரதராஜுலு எடுத்தார். குழலை எதிரே இருக்கும் மண்மேட்டுப் பக்கமே வைத்துக்கொண்டார். விரல் விசையில் படவில்லை. தோட்டா அடுக்கும் மேகசினை உருவினார், மேல்பாகமான ஸ்லைடைப் பின்னால் இழுத்தார், உள்ளே எட்டிப் பார்த்து, "காலிங்க" என்றார். யார் கொடுத்தாலும் வாங்குகிறவர் தானே திறந்து பார்க்க வேண்டும் என்பது டீச்சரின் சட்டம். மாமனார் கொடுத்தாலும் சரி, மந்திரி கொடுத்தாலும் சரி.

"இப்ப சின்னது."

சின்னதை எடுத்ததும் அவர் முகமே மாறிவிட்டது. உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். இந்தக் கைக்கு மாற்றினார், அந்தக் கைக்கு மாற்றினார். மணிக்கட்டு துளிகூட வலிக்கவில்லை என்று இரண்டு தடவை சொன்னார். பாவம், எத்தனை நாள் கவலை.

"ஏனுங்க, நம்ம கொலுவுல வைக்கலாமாட்ட இருக்குதே" என்று வசுமதி எழுந்து கிட்டே வந்தார்.

குழலின் மேல்புறத்தில் ஏதோ பொடி எழுத்து செதுக்கியிருந்தது. வரதராஜுலுவுக்கு அதைப் படித்தே ஆக வேண்டும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். வெளிச்சம் போதவில்லை. பின்பக்கச் சுவரில் இருந்த ஜன்னல் பக்கமாகத் திரும்பினார். எழுத்து தெளியும் வரை துப்பாக்கியை முன்னே நீட்டினார். ஒரு விரல் தானாகவே விசை வளையத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

குழல் நீண்டிருந்த அந்த ஜன்னல் பக்கம்தான் வசுமதி நின்றிருந்தார். கையில் ஃப்ளாஸ்க் மூடி நிறையக் காபி. அவர் சிரிப்பு நின்றது. ஆசையாக ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறவரை எப்படி அதட்டுவது?

டீச்சர் வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்து மெல்ல மண்மேட்டுப் பக்கம் திருப்பினார்.

"தொறந்து பாருங்கண்ணா."

வரதராஜுலு ஸ்லைடை இழுத்தார். உள்ளேயிருந்து ஒரு தோட்டா துள்ளி மேஜையில் விழுந்து உருண்டது. சிவப்பு பிளாஸ்டிக். வெடிக்காதது, பயிற்சிக்கு வைத்திருப்பது. டீச்சர் காலையிலேயே போட்டு வைத்திருந்தார்.

அது நிற்கும் வரை மூன்று பேரும் அதையே பார்த்தார்கள். வரதராஜுலுவுக்குக் காது மடல் சிவந்தது. துப்பாக்கியைக் கீழே வைத்தார்.

"பெருசுல பாத்தனே டீச்சர்" என்றார். "பழக்கமாத்தானே பாத்தேன். இதுல எப்படி விட்டேன்?"

டீச்சர் சிவப்புத் தோட்டாவை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

வரதராஜுலுவுக்குக் கேள்வி அடங்கவில்லை. ஒரு வாரமாகக் கேட்டவர் இப்போது விடுவாரா? சின்னதின் தோட்டாவுக்கு வேகம் குறைவுதானே என்றார். பெரியதோடு பார்த்தால் இது பாதி அளவுகூட இல்லையே என்றார். சொல்லச் சொல்லக் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் வாங்கலாமா வேண்டாமா என்ற கேள்விக்கே வந்து சேர்ந்தார்.

"கையும் வலிக்கல, விடவும் மனசில்ல. நீங்களே சொல்லுங்க, இது எனக்குச் சின்னதுங்களா, சரியானதுங்களா?"

பின்னால் வசுமதி அதே இடத்தில் நின்றிருந்தார். காபி குடிக்கப்படாமல் கையிலேயே இருந்தது.

"என்கிட்ட கேக்காதீங்கண்ணா" என்றார் டீச்சர். "அக்கா நிக்கிற எடத்துல இருந்து பாத்தா அது எத்தன பெருசா இருந்துச்சுன்னு அவங்களக் கேளுங்க."