கவிராயரின் ஆறுகால் சிலந்தி

செம்பாறை நாட்டை ஆண்ட விசயகேது மன்னருக்குப் பாட்டு என்றால் உயிர். அது நல்ல பாட்டா, கெட்ட பாட்டா என்று பார்க்கிற வழக்கம் மட்டும் அவரிடம் இல்லை. தலையாட்டுவார், பரிசு கொடுப்பார், உறங்கப் போவார். இதை இலக்கணம் கற்றவர்கள் குறை என்பார்கள். பரிசு வாங்கியவர்கள் யாரும் அப்படிச் சொன்னதாகத் தெரியவில்லை.

அவர் அவையில் அகண்டகீர்த்திக் கவிராயர் என்று ஒரு புலவர். ஒருநாள் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு புதுப்பாட்டு ஒன்றை அரங்கேற்றினார்.

"ஆட்டுக்குக் கால் நாலு, ஓ மன்னா!
அணிலுக்கும் நாலு, ஓ மன்னா!
கோழிக்குக் கால் ரெண்டு, ஓ மன்னா!
கொக்குக்கும் ரெண்டு, ஓ மன்னா!
எறும்புக்குக் கால் ஆறு, ஓ மன்னா!
சிலந்திக்கும் ஆறு, ஓ மன்னா!"

மன்னர் வரிக்கு ஒருமுறை தலையாட்டினார். "அருமை! என்ன வேண்டும், கேளும்."

"பொன் வேண்டாம், அரசே. இந்தப் பாட்டு எனக்கே உரியது என்று ஓர் ஆணை போதும். என் அனுமதி இல்லாமல் யாரும் இதை எழுதக் கூடாது, அச்சிடக் கூடாது, பாடக் கூடாது, பிறர் பாடும்போது தாளம் போடவும் கூடாது. மீறினால் நாடு கடத்த வேண்டும்."

கஜானாவைத் தொடாத பரிசு. மன்னர் உடனே முத்திரை வைத்தார்.

மறுநாள் காலையிலேயே ஒருவர் பிடிபட்டார். கடைவீதிப் பள்ளிக்கூடத்து வேலப்ப வாத்தியார். கீழைக்கடல் வணிகர்களிடம் மரப்பலகையில் அச்சு செதுக்கும் வித்தையைக் கற்றிருந்தார் அவர். இதே பாட்டைச் செதுக்கி, மை தடவி, பிள்ளைக்கு ஒரு தாளாக ஒற்றிக் கொடுத்திருந்தார். 'ஓ மன்னா' மட்டும் அதில் இல்லை. காவலர்கள் பலகையையும் வாத்தியாரையும் ஒரே வண்டியில் ஏற்றி வந்தார்கள். பிள்ளைகள் வண்டிக்குப் பின்னாலேயே ஓடிவந்து அரண்மனை வாசலில் கூச்சல் போட்டார்கள்.

"திருடன்!" என்றார் கவிராயர். "இன்றே எல்லையைத் தாண்டட்டும்!"

"இந்தப் பாட்டை மூன்று வருஷமாகச் சொல்லிக் கொடுக்கிறேன், அரசே" என்றார் வாத்தியார்.

"மூன்று வருஷத் திருட்டு!" என்றார் கவிராயர்.

அவையில் எட்டியப்பர் என்று ஓர் அமைச்சர் இருந்தார். எதையும் இரண்டு முறை படிக்கிற கெட்ட பழக்கம் உள்ளவர். தாளை வாங்கிப் படித்தார். மறுபடியும் படித்தார். வாத்தியாரின் காதில் ஏதோ கேட்டார். வாத்தியார் அவர் காதில் ஏதோ சொன்னார். எட்டியப்பர் சிரிப்பை மறைக்க மேல்துண்டால் முகம் துடைத்துக்கொண்டார்.

"அரசே, விசாரணையை நான் நடத்தலாமா?"

"நடத்தும்."

"கவிராயரே, பாட்டு முழுக்க உம்முடையதா?"

"ஒவ்வோர் எழுத்தும்!"

"ஆடு?"

"என் ஆடு."

"கோழி?"

"என் கோழிதான், ஐயா!"

"சிலந்தி?"

"சிலந்திதானே பாட்டுக்கு உயிர்! ஒரு மண்டலம் வீட்டு உத்தரத்தையே அண்ணாந்து பார்த்து, கழுத்துப் பிடித்துக்கொண்டு எழுதிய வரி அது. சுவை ஆறு, பருவம் ஆறு, சிலந்திக்குக் கால் ஆறு. இந்த நயம் வாத்தியாருக்கு வருமா?"

"வேறு யாருக்கும் அந்த வரியில் பங்கில்லை?"

"தலைமுறை தலைமுறைக்கும் எனக்கே உரியது. இந்த அவையறியச் சத்தியம்!"

எட்டியப்பர் சாளரத்தைத் திறந்து வாசலைப் பார்த்துக் கத்தினார். "பிள்ளைகளே! சிலந்திக்குக் கால் எத்தனை?"

"எட்டு!" என்று கீழிருந்து முழக்கம் வந்தது.

"பாட்டில் ஆறு என்று இருக்கிறதே?"

"அது எங்க வாத்தியார் வச்ச பொய்! நாங்க கண்டுபிடிச்சுட்டோம்! வெல்லம் எங்கே?"

மன்னர் நிமிர்ந்து பார்த்தார். சிம்மாசனத்துக்கு மேலே, விதானத்தின் மூலையில், அரண்மனைப் பணியாளர்களின் புண்ணியத்தில் ஒரு சிலந்தி சுகமாக வாழ்ந்துகொண்டிருந்தது. மன்னர் விரல்விட்டு எண்ணினார். சந்தேகப்பட்டு இன்னொரு முறை எண்ணினார்.

"வாத்தியாரே, பாடத்தில் பொய் வைக்கலாமா?"

"பலகையால் வந்த வினை, அரசே. கையால் எழுதின காலத்தில் பிள்ளைகள் வரியை ஒருமுறையாவது பார்த்தாக வேண்டும். இப்போது தாள் கைக்கு வந்ததுமே பாடம் தலைக்கு வந்துவிட்டதாக நினைக்கிறார்கள். பலகையைக் குறை சொல்லி என்ன பயன்? அதனால் பாட்டுக்கு ஒரு பொய் செதுக்கி வைக்கிறேன். ஆட்டையும் கோழியையும் சிலந்தியையும் போய்ப் பார்த்துவிட்டு வந்து 'தப்பு' என்று சொல்கிற பிள்ளைக்கு ஒரு வெல்லக்கட்டி. பார்க்காமலே ஒற்றி எடுக்கிறவர்..."

மரியாதை தெரிந்தவர், அதற்குமேல் சொல்லவில்லை. கவிராயர் தரையைப் பார்த்தார்.

"அவர் எடுத்துக்கொண்டதில் எனக்கு வருத்தமில்லை" என்றார் வாத்தியார். "கொக்கு வரியை நானே ஏற்றம் இறைப்பவர்களிடமிருந்துதான் எடுத்தேன். தாளின் அடியில் அதைச் சொல்லியும் இருக்கிறேன். ஆனால் என் வீட்டுக்குள் வந்தவர், என்னை வெளியே தள்ளிப் பூட்டினால் நான் எங்கே போவேன்?"

மன்னர் எட்டியப்பரை மெதுவாகக் கூப்பிட்டார். "நானும் அந்த ஆறுக்குத் தலையாட்டினேனே, ஐயா?"

"ஆறு வரிக்கு ஆறு முறை ஆட்டினீர்கள், அரசே. உங்கள் கணக்கில் பிழையில்லை."

மன்னருக்கு ஆறுதலும் கோபமும் சேர்ந்து வந்தன. "ஆணையைக் கிழியுங்கள்! பாட்டை யார் வேண்டுமானாலும் படிக்கட்டும், அச்சிடட்டும். வாத்தியாருக்கு இன்னும் பத்துப் பலகை கொடுங்கள். கவிராயரை எல்லை தாண்டி விடுங்கள்!"

"பொறுங்கள், அரசே" என்றார் எட்டியப்பர். "அவையறியச் சத்தியம் செய்தவரை ஒரேயடியாக வெறுங்கையோடு அனுப்பலாமா? ஐந்து வரி ஊருக்குப் போகட்டும். அவரும் ஊரிலேயே இருக்கட்டும், சிலந்தி வரியை அவருக்கே கொடுத்துவிடுவோம். தாள்தோறும் அதன் கீழே அவர் பெயரையும் செதுக்கச் சொல்லுங்கள். வாத்தியாருக்குச் சம்மதமா?"

"தாராளமாக" என்றார் வாத்தியார்.

தலை தப்பியது என்று கவிராயர் மெல்ல மூச்சு விட்டார்.

எட்டியப்பர் மறுபடியும் சாளரத்தருகே போனார். "பிள்ளைகளே! சிலந்தி வரி இன்றுமுதல் கவிராயர் ஐயாவுடையது. பிழை கண்டுபிடித்தவர்கள் இனி வெல்லத்தை அவர் வீட்டில் போய் வாங்கிக்கொள்ளுங்கள்!"

மன்னர் சிரித்த சிரிப்பில் விதானம் ஆடி, சிலந்தி இறங்கி ஓடியது. அதற்கு முன்பே கவிராயர் வீட்டைப் பார்த்து ஓடத் தொடங்கிவிட்டார். ஆனால் பிள்ளைகளுக்கு வழி தெரியும்.