தேனீக்களுக்கும் சொல்லியாக வேண்டும்

அந்தக் காலத்தில் மனிதர், மிருகம், ஈ, எறும்பு எல்லாருக்கும் ஒரே பேச்சு. இங்கிலாந்தில் பிராம்பிள்கோட் என்றொரு சின்ன ஊர் இருந்தது. முப்பது வீடுகள், ஒரு தேவாலயம், எங்கு பார்த்தாலும் ஆப்பிள் மரங்கள். மேட்டில் பிரபுவின் மாளிகை. அதன் தோட்டத்துச் சுவரோரம், வைக்கோல் கூடைகளில் தேனீக்கள் குடியிருந்தன.

தேனீக்களின் ராணிக்கு மாளிகை நாயைக் கண்டாலே ஆகாது. வயிற்றெரிச்சல்தான், வேறொன்றுமில்லை. மாளிகையின் ரொட்டிக்குத் தேன் கொடுத்தது ராணி. மெழுகுவர்த்திக்கு மெழுகு கொடுத்ததும் ராணிதான். நாய் கொடுத்ததெல்லாம் கம்பளத்தில் உதிர்ந்த முடி. ஆனாலும் கணப்புக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு வீட்டுச் சங்கதி அத்தனையையும் முதலில் கேட்பது அதுதான். பிரபுவின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதை நாய் வந்து பீற்றிக்கொண்டு சொன்னபோது ராணிக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

ஒரு வசந்த காலம். ஆப்பிள் மரங்கள் பூத்திருந்தன. தேவாலயப் பக்கம் போன தேனீ ஒன்று பதறிக்கொண்டு திரும்பி வந்தது.

"அம்மா, சவப்பெட்டியச் சுத்தி நம்ம மெழுகுதான் எரியுது. பிரபு செத்து மூணு நாளாச்சாம். ஊர்வலத்துல நாய்தான் முன்னாடி போச்சு."

மெழுகு மட்டும் வேண்டும், நம்மிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா என்று ராணி கொதித்தாள். பிரபு போனதற்கு அழுவதா, நாய் முன்னால் போனதற்கு அழுவதா என்று அவளுக்கே தெரியவில்லை. அன்றே கூட்டத்தைத் திரட்டிக்கொண்டு காட்டுக்குப் போய்விட்டாள்.

தேனீ தொடாத பூவெல்லாம் உதிர்ந்தது. அந்த வருஷம் ஊரில் ஓர் ஆப்பிள்கூடக் காய்க்கவில்லை. ஊருக்கு அதை விட்டால் வேறு பிழைப்பு கிடையாது. நாலு குடும்பம் ஊரை விட்டே போனது. மாளிகையின் சாவிக்கொத்து ப்ரூடென்ஸ் என்ற வேலைக்காரம்மாளிடம் இருந்தது. அவள் காடெல்லாம் தேடி, ஓக் மரப் பொந்தில் தேனீக்களைக் கண்டுபிடித்தாள். வாசல் சாவியால் மரத்தை மூன்று முறை தட்டினாள்.

"பிரபு போயிட்டார், ராணியம்மா. உங்ககிட்ட சொல்லாம விட்டது எங்க தப்பு. திரும்பி வாங்க."

"நாய்கிட்ட மட்டும் சொன்னீங்களே."

"அதுகிட்டயும் யாரும் சொல்லல. அது பிரபுவோட கட்டிலடியிலேயே படுத்திருந்துச்சு."

ராணிக்கு இன்னும் எரிந்தது.

"எங்களத்தான் நீங்க வாசப்படி தாண்ட விடமாட்டீங்களே. வெளிய இருக்கிறவங்களுக்கு யாராவது வந்து சொன்னாத்தானே தெரியும்?"

ப்ரூடென்ஸ் தன் கறுப்புத் துக்க உடையின் ஓரத்தைக் கிழித்து அந்த மரத்தில் கட்டினாள். மறுநாள் தேனீக்கள் கூடைகளுக்குத் திரும்பின.

அன்று முதல்தான் அந்தப் பக்கத்து ஊர்களில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், யாராவது வாசல் சாவியோடு போய்த் தேன்கூட்டை மூன்று முறை தட்டி, போனவர் பெயரைச் சொல்கிறார்கள். சொந்தக்காரர்களுக்கு ஆள் அனுப்புவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.