ஆளுக்கு ஒரு நத்தை

ஒரு பெரிய ஏரியின் நடுவில் சின்னதாக ஒரு மண்மேடு இருந்தது. அந்த மேட்டில், ஒரு கருவேல மரத்தின் வேரடியில், கிச்சி என்ற மூஞ்சூறு தன் நான்கு குட்டிகளோடு வசித்து வந்தது.

மலையில் நல்ல மழை. ஏரிக்கு வரத்து அதிகமாகிவிட்டது. நேற்று கோரைப்புல் வரை நின்ற தண்ணீர் இன்று காலையில் வளை வாசலுக்கே வந்துவிட்டது. கிச்சி வால் நுனியை நனைத்துப் பார்த்தது. உள்ளே போய்க் குட்டிகளை எண்ணியது. நான்கும் இருந்தன. வெளியே வந்து தண்ணீரைப் பார்த்தது. மறுபடி உள்ளே போய் எண்ணியது.

"எத்தனை தடவை எண்ணினாலும் நாலுதான் தங்கச்சி," என்றது பக்கத்தில் உட்கார்ந்திருந்த குண்டன் தவளை. "சாயங்காலத்துக்குள்ள மேடு முழுகிடும். கிளம்புற வழியைப் பாரு."

"உனக்கென்ன அண்ணே, நீந்திப் போயிடுவே."

"நீந்தறதா? ஏரி பூரா விரால் மீன் வாயைப் பிளந்துகிட்டு நிக்குது. நானும் பறந்துதான் போகணும்."

மேட்டிலிருந்து அக்கரைக்குப் பறந்து போக இரண்டு வழிகள் இருந்தன.

ஒன்று கூழைக்கடா. அதன் தொண்டைப்பை பெரியது. உள்ளே மெத்தென்று இறகு பரப்பி, பயணிகளை உட்காரவைத்துக் கொண்டுபோகும். எந்தக் கரையில், எந்த மரத்தடியில் இறங்க வேண்டும் என்று சொன்னாலும் அங்கேயே இறக்கிவிடும். ஆனால் அதற்குக் கூலியாக ஒரு பருவம் முழுக்க அதன் கூட்டில் பூச்சி பொறுக்கித்தர வேண்டும்.

மற்றது நத்தைகுத்தி நாரை. அது மேட்டின் விளிம்பில் நின்று கூவிக்கொண்டிருந்தது.

"அக்கரை! அக்கரை! ஆளுக்கு ஒரு நத்தை! இப்பவே கிளம்புது!"

கூழைக்கடாவின் பக்கத்தில் சடைச்சி என்ற பெருச்சாளி ஏற்கெனவே இடம்பிடித்து உட்கார்ந்திருந்தது. அது கிச்சியைப் பார்த்துச் சிரித்தது.

"ஏண்டி, அந்த ஓட்டை மூக்கன் கூடவா போறே? அலகையே ஒழுங்கா மூடத் தெரியாதவன், உன்னை எங்க ஒழுங்கா கொண்டு சேர்க்கப்போறான்?"

நாரையின் அலகு நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டுத்தான் இருக்கும். அது அந்த இனத்தின் வாகு.

"உங்களுக்குப் பிள்ளை குட்டி இல்லக்கா," என்றது கிச்சி. "ஒரு பருவம் பூரா மரத்து மேல உட்கார்ந்து பூச்சி பொறுக்கினா, கீழ இதுங்களுக்கு யார் பால் கொடுக்கிறது?"

சடைச்சி மறுபக்கம் திரும்பிக்கொண்டது. "நாங்க எப்பங்க கிளம்புறது?" என்று கூழைக்கடாவிடம் கேட்டது.

"வெயில் ஏறட்டும். காற்று சூடாகட்டும். அவசரப்பட்டுப் பறக்கிறது நம்ம வழக்கமில்லை," என்று சொல்லிவிட்டுக் கூழைக்கடா கண்ணை மூடிக்கொண்டது.

கிச்சியிடம் ஏழு நத்தைகள் இருந்தன. ஐந்து கட்டணத்துக்கு. மீதி இரண்டு தன் வயிற்றுக்கு. மூஞ்சூறின் வயிறு நெடுநேரம் பசி தாங்காது. தாய் சாப்பிட்டால்தான் குட்டிகளுக்குப் பால். போகிற இடத்தில் இரை எங்கே கிடைக்குமோ, எப்போது கிடைக்குமோ. அந்த இரண்டு நத்தைகளையும் எக்காரணம் கொண்டும் தொடக்கூடாது என்று அது முடிவு செய்திருந்தது.

குட்டிகள் வரிசையாக நின்றன. மூஞ்சூறுக் குட்டிகள் வெளியே போனால் அப்படித்தான். மூத்தது தாயின் வாலடியைக் கவ்வும். அடுத்தது மூத்ததன் வாலடியைக் கவ்வும். இப்படியே கடைக்குட்டி சுண்டு வரைக்கும் ஒரே சங்கிலி. யாராவது விட்டுவிட்டால் மொத்த வரிசையும் நின்றுவிடும்.

கிச்சி ஐந்து நத்தைகளை நாரையின் முன்னால் வைத்தது.

"ஏறுங்கம்மா," என்றது நாரை. "அது என்ன பொட்டலம்?"

"நாணல் பஞ்சு. குழந்தைங்க படுக்கை."

"உடம்போட ஒட்டியிருக்கிறது போக மத்ததெல்லாம் சுமை. சுமைக்கு ஒரு நத்தை."

"இத்தனூண்டு பஞ்சுக்கா?"

"பஞ்சோ பாறையோ, சுமை சுமைதான்."

"அப்ப இந்த ரெண்டு நத்தை?"

"அதைச் சுமைன்னு சொல்ல மாட்டேன். எப்படியும் என்கிட்டதானே வரப்போகுது."

கிச்சி பொட்டலத்தை அங்கேயே போட்டுவிடலாம் என்று நினைத்தது. அப்போது குண்டன் மெதுவாகப் பக்கத்தில் தாவி வந்தது. தன் ஒரு நத்தையை நாரையிடம் கொடுத்தாயிற்று, அதன் கையில் வேறொன்றும் இல்லை.

"ஒட்டினது சுமையில்லைன்னு அவனே சொல்லிட்டான். குட்டிங்களைச் சேத்துல புரட்டி, பஞ்சை மேல ஒட்டிவிடு."

கிச்சி அப்படியே செய்தது. நான்கு குட்டிகளும் இலவம் பஞ்சு மூட்டைபோல உப்பிக்கொண்டு வந்து நின்றன.

நாரை தலையைச் சாய்த்துப் பார்த்தது. "இதுங்க இப்பதான் சின்னதா இருந்துதே?"

"வளர்ற வயசு," என்றது குண்டன்.

நாரை சுமைக்கு நத்தை கேட்கவில்லை. விதி விதிதான். அது தனக்கும் சேர்த்துத்தான் என்று அதற்குத் தெரியும்.

"இனிமே ஏதாவது கேட்பானா அண்ணே?" என்று கிச்சி காதோடு காதாகக் கேட்டது.

"மூச்சு விடறதுக்கு மட்டும் இன்னும் கேட்கல. நீயா ஞாபகப்படுத்தாதே."

நாரை முதுகைத் தாழ்த்தியது. "தவளை கழுத்தடியில். குட்டிங்க ரெண்டு இடது இறக்கையடியில், ரெண்டு வலது இறக்கையடியில். அம்மா வால்பக்கம்."

கிச்சி திடுக்கிட்டது. "பிரிச்சு உட்காரவைக்கிறீங்களா? இதுங்க தனியா இருந்ததே கிடையாதுங்க."

"எடை ரெண்டு பக்கமும் சமமா இருக்கணும். சேர்ந்துதான் உட்காரணும்னா நடு முதுகு இருக்கு. அதுக்குத் தனியா ஒரு நத்தை."

கிச்சி கையிலிருந்த இரண்டு நத்தைகளையும் பார்த்தது. ஒன்றைக் கொடுத்தால் பால் பாதியாகிவிடும். ஏரி என்ன அவ்வளவு அகலமா? கண்ணை மூடித் திறப்பதற்குள் அக்கரை வந்துவிடாதா? பஞ்சில் ஒரு நத்தை மிச்சம் பிடித்தாயிற்று. இதிலும் பிடித்துவிடலாம் என்று அதற்கு ஒரு தைரியம் வந்தது.

"வேண்டாம். பிரிஞ்சே இருக்கட்டும்," என்றது.

குண்டன் ஏதோ சொல்ல வாயெடுத்தது. அதற்குள் நாரை கிளம்பிவிட்டது.

மேடு கீழே போயிற்று. கருவேல மரம் ஒரு புல்லைப்போலச் சிறுத்தது. கிச்சி வாலடி இறகைப் பற்களால் கவ்விக்கொண்டு குட்டிகளை எண்ணியது. இடது பக்கம் இரண்டு. வலது பக்கம் இரண்டு. இறக்கைகள் மேலே எழும்போது குட்டிகள் மறைந்துவிடும். கீழே இறங்கினால்தான் மறுபடி தெரியும். ஒவ்வொரு முறை தெரிந்தபோதும் கிச்சி மறுபடி எண்ணியது.

பாதி ஏரியில் மழைக்காற்று பக்கவாட்டில் வந்து அடித்தது. நாரை சாய்ந்தது. வலது இறக்கை மேலே போயிற்று. அது கீழே இறங்கியபோது கிச்சிக்கு அந்தப் பக்கம் ஒரு குட்டிதான் தெரிந்தது.

சுண்டு இறக்கையின் ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அண்ணனின் வாலடியை அது விடவில்லை. ஆனால் அண்ணனும் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கிக்கொண்டிருந்தான். கீழே கறுப்பாகத் தண்ணீர்.

"நாரை அண்ணே, நிறுத்துங்க! நடு முதுகு வேணும், நத்தை தரேன்!"

"ஏறின பிறகு ரெண்டு நத்தை," என்றது நாரை, தலையைத் திருப்பாமலே.

"ரெண்டையும் எடுத்துக்கோங்க."

நாரை உடனே இறக்கை இரண்டையும் விரித்து, அசைக்காமல் மிதந்தது. முதுகு பலகைபோல ஆயிற்று. கிச்சி இறகுகளின் மேல் ஓடியது. குண்டன் தன் நீண்ட பின்காலை நீட்டி அண்ணன் குட்டியை அழுத்திப் பிடித்துக்கொண்டது. கிச்சி குனிந்து சுண்டுவின் பிடரியைக் கவ்வி மேலே இழுத்துப் போட்டது. பிறகு இடது பக்கம் போய் மற்ற இரண்டையும் கூட்டி வந்தது. ஐந்து பேரும் நடு முதுகில் ஒரே உருண்டையாகச் சுருண்டுகொண்டார்கள். அதற்குப் பிறகு காற்று எத்தனை அடித்தும் ஒன்றும் ஆகவில்லை.

"இதைத்தான் சொல்ல வந்தேன்," என்றது குண்டன். "நான் தனி ஆள். எனக்குக் கழுத்தடி போதும். உனக்குப் போதாது."

கிச்சி சுண்டுவின் காதை நக்கிக்கொண்டே இருந்தது.

நாரை இறங்கியது. கிச்சி சுற்றிலும் பார்த்தது. எங்கே பார்த்தாலும் நெல்வயல்.

"இது பாறைக்கரை இல்லையே? பாறை இடுக்கிலதான் தண்ணி ஏறாது. நாங்க அங்கதான் போகணும்."

"அக்கரைன்னுதான் கூவினேன். பாறைக்கரைன்னு நான் சொன்னேனா? இந்த வயல்லதான் எனக்கு நத்தை கிடைக்கும். எப்பவும் இங்கதான் இறக்குறேன்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நான் பொய் சொல்றதில்லம்மா."

அது உண்மைதான். நாரை ஒரு பொய்யும் சொல்லவில்லை. இரண்டு நத்தைகளையும் வாங்கிக்கொண்டு மேட்டுக்கே திரும்பிப் பறந்தது. அன்றைக்கு அது ஓய்வில்லாமல் போய்ப் போய் வந்தது. ஒரு பருவ வேலைக்கு வழியில்லாத எலிகளும் ஓணான்களும் ஆளுக்கு ஒரு நத்தை கொடுத்து உயிர் பிழைத்தன. அதையும் சொல்லத்தானே வேண்டும்.

குண்டன் வயல் தண்ணீரில் குதித்தது. அதற்கு இதுதான் வேண்டிய இடம். "வரப்போட ஓரமா போ தங்கச்சி. பாறைக்கரை நேரா வடக்கே," என்று வழி சொன்னது.

கிச்சி நடந்தது. குட்டிகள் வால் கவ்வி வந்தன. பாதி வழியில் கிச்சிக்குக் கண் இருட்டியது. கால் தள்ளாடியது. குட்டிகள் பாலுக்கு முட்டின. பால் இல்லை. சுண்டு அழக்கூடத் தெம்பில்லாமல் அண்ணன் முதுகில் தலையை வைத்துக்கொண்டது. கிச்சி ஈர வரப்பை மூக்கால் கிளறிக்கொண்டே தவழ்ந்தது. ஒன்றுமில்லை. இன்னும் கிளறியது. கடைசியில் ஒரு மண்புழு அகப்பட்டது. பிறகு இன்னொன்று. அங்கேயே படுத்து, கொஞ்சம் கழித்துப் பால் கொடுத்தது. வெளிச்சம் மங்குகிற நேரத்தில் ஐந்து பேரும் பாறைக்கரை போய்ச் சேர்ந்தார்கள்.

பாறை இடுக்கில் பஞ்சை உரித்துப் படுக்கை போட்டபோது, ஏரியின் நடுவில் மேடு இருந்த இடத்தில் கருவேல மரத்தின் தலை மட்டும் தெரிந்தது.

மழை நின்ற பிறகு ஒருநாள் கிச்சி குட்டிகளோடு இரை தேடி மருதமரத்துப் பக்கம் போனது. மேலே கூழைக்கடாவின் கூட்டிலிருந்து சடைச்சி எட்டிப் பார்த்தது.

"என்னடி, எப்படிக் கொண்டு சேர்த்தான் உன் ஓட்டை மூக்கன்? எங்களுக்குத் தொண்டைப்பைக்குள்ள ஒரு சொட்டு நனையல. வழியில இறா கூட கொடுத்தாங்க. மீன் நாத்தம்தான் கொஞ்சம். நேரா இந்த மரத்தடியிலயே இறக்கிட்டாங்க."

"நல்லது அக்கா. கீழ எப்ப வருவீங்க?"

"பருவம் முடியணுமே," என்று முனகியது சடைச்சி. பிறகு சுதாரித்துக்கொண்டு, "இனிமேலாவது புத்தி வந்துதா உனக்கு?" என்றது.

"வந்துது. அடுத்த தடவையும் நாரையிலதான் போவேன்."

"அடி பைத்தியக்காரி. பிள்ளை தண்ணியில விழப்பார்த்ததுன்னு தவளை ஊர் பூரா சொல்லிகிட்டிருக்கான், மறுபடியும் அதுலயா?"

"விழப்பார்த்தது நாரையால இல்லக்கா. ஒரு நத்தையை மிச்சம் பிடிச்சேன் பாருங்க, அதனால. அடுத்த தடவை எங்க இறக்குவீங்கன்னு கேட்டுட்டு, நடு முதுகுக்கு முதல்லயே நத்தையை நீட்டிடுவேன்."

குட்டிகள் வாலைக் கவ்வி இழுத்தன. கிச்சி அவற்றை ஒருமுறை எண்ணிவிட்டு நடந்தது.

மலிவான பயணத்தில் எதை மிச்சம் பிடிக்கலாம், எதை மிச்சம் பிடிக்கக்கூடாது என்று ஏறும் முன்பே தெரிந்துவைத்திருப்பவருக்கு மட்டுமே அது உண்மையில் மலிவு.