ஊதாத கேசட்

"மாடியில சபூரா டீச்சர்கிட்ட குடுத்துப் பாரு. அவங்க கைக்குப் போனா கேசட்டே உண்மையைச் சொல்லிரும்."

டீக்கடையில் யாரோ யாரிடமோ சொன்னது தனுஷ்கோடியின் காதில் விழுந்தது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு மாடிப்படி ஏறினார்.

சபூரா பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்துகிறவர். சனிக்கிழமைகளில் மட்டும் அந்த மாடி அறையில் பழைய வீடியோ கேம் பெட்டிகளைப் பழுது பார்ப்பார். உள்ளங்கையில் அடங்கும் பெட்டிகள். முதுகுப் பக்கம் கேசட்டைச் செருகினால் ஆட்டம் வரும்.

தனுஷ்கோடி பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். டப்பாவுக்குள் பஞ்சு. பஞ்சுக்குள் பட்டுத்துணி. துணிக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு கேசட். அதைத் தொடுவதற்கு முன் கையுறை மாட்டிக்கொண்டார்.

மூலையில் ஒருவர் அப்படியொரு பெட்டியின் திரையில், மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கி ஆடிக்கொண்டிருந்தார். செல்லத்துரை, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். தலையை நிமிர்த்தினார்.

"என்ன தம்பி, ஆபரேஷனா?"

தனுஷ்கோடி சபூராவின் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், என்கிட்ட இருந்த கேசட் அத்தனையும் குடுத்து இந்த ஒண்ணை மாத்திக்கிட்டேன். அன்னையிலேர்ந்து தூக்கமில்லை. இது அசலா, போலியா?"

"நீங்க என்ன நினைக்கிறீங்க, சார்?"

"லேபிள் அச்சு சுத்தமா இருக்கு. ஓரத்துல எண் அழுத்தியிருக்கு. பின்னால திருகாணி, சாதாரண ஸ்க்ரூடிரைவருக்கு அசையாத ரகம்."

"அப்ப அசல்தான்."

"ஆனா இப்பல்லாம் போலியிலயும் இதையெல்லாம் செஞ்சிர்றாங்களே!"

"அப்ப போலிதான்."

செல்லத்துரை சிரித்தார். "போகவும் வரவும் சேர்த்து டிக்கெட் கிழிச்சாச்சு. எறங்குங்க தம்பி."

சபூரா கேசட்டை வாங்கவில்லை. "இதுக்குள்ள என்ன ஆட்டம்?"

"தெரியாது டீச்சர்."

"ஆடலையா?"

"செருகினதே இல்லை. செருகினா உள்ள இருக்குற தகட்டுல கோடு விழுந்துரும்."

"வாயே திறக்காத ஆளைக் கூட்டிட்டு வந்து, நல்லாப் பாடுவாரான்னு கேக்குறீங்க."

அந்த நேரம் பார்த்துச் செல்லத்துரையின் பெட்டி அணைந்துவிட்டது. அவர் அதிலிருந்த கேசட்டைப் பிடுங்கினார். ஃபூ என்று அதற்குள் ஊதினார். செருகினார். பாட்டு வந்தது.

தனுஷ்கோடி துள்ளி எழுந்தார். "ஐயையோ, ஊதாதீங்கண்ணே! எச்சில் பட்டா தகடு கறுத்துப் போயிரும். விஷயம் தெரிஞ்சவங்க யாருமே ஊத மாட்டாங்க."

"நடுவழியில நின்ன பஸ்ஸுக்குச் சூடமா காட்டுவாங்க? தள்ளத்தான் செய்வாங்க."

சபூரா மேசை இழுப்பறையிலிருந்து இன்னொரு கேசட்டை எடுத்தார்.

"இது போலி. எனக்கு நல்லாத் தெரியும். ஆடுங்க."

"போலியவா?"

"ஆடுங்க சார்."

வேண்டாவெறுப்பாகத்தான் உட்கார்ந்தார். திரையில் குடை பிடித்த ஒரு தவளை. தாமரை இலைக்கு இலை தாவவேண்டும். முதல் தாவலிலேயே தண்ணீரில் விழுந்தது. தனுஷ்கோடி உதட்டைப் பிதுக்கினார். இரண்டாவது தடவை நாற்காலியின் நுனிக்கு வந்தார். கொஞ்ச நேரத்தில் கையுறை வழுக்குகிறது என்று கழற்றி எறிந்தார்.

"இடது பக்கம், தம்பி! இடது!"

"தெரியுதுண்ணே! அந்தா, அந்தா... தாவிட்டேன்!"

குளத்தின் நடுவரை போய்ச் சேர்ந்தார். நின்ற இடத்தைச் சேவ் செய்தார். அணைத்துவிட்டு மறுபடி போட்டார்.

தவளை முதல் இலையில் நின்றது.

"போச்சு டீச்சர்! மறந்துருச்சு!"

"போலி அப்படித்தான். எல்லாம் செய்யும், அணைச்சா மறந்துரும். அசல், நின்ன இடத்துலேயே நிக்கும். நீங்க தேடி வந்த சோதனை இதுதான்."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான். ஆனா, ஆடினாத்தான் சோதிக்க முடியும்."

செல்லத்துரை தாடையைச் சொறிந்தார். "ஏன் தம்பி, நீங்க போட்ட சத்தம் கீழ டீக்கடை வரைக்கும் கேட்டுச்சே. அதுவும் போலியா?"

தனுஷ்கோடி கேசட்டைத் துணியில் சுற்றி, துணியைப் பஞ்சில் வைத்து, டப்பாவை மூடிக்கொண்டு இறங்கிப் போனார்.

அடுத்த சனிக்கிழமை வந்தார். கண் சிவந்திருந்தது.

"போட்ருவோம் டீச்சர்."

கையுறை மாட்டினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு செருகினார். சுவிட்சைத் தள்ளினார்.

திரை வெறுமையாக இருந்தது.

அணைத்துப் போட்டார். ஒன்றுமில்லை. இன்னொரு தடவை. ஒன்றுமே இல்லை.

"போலி," என்றார். "அத்தனை கேசட்டும் போச்சு."

சபூரா கேசட்டை உருவி, அதன் வாயை வெளிச்சத்துக்குத் திருப்பி, தனுஷ்கோடியின் உள்ளங்கையில் வைத்தார். பிறகு தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

தனுஷ்கோடி குனிந்து பார்த்தார். தகட்டில் ஒரு கோடு கூட இல்லை. அதன்மேல் தூசி படிந்திருந்தது. பஞ்சு, பட்டு, டப்பா எல்லாவற்றையும் தாண்டி வந்த தூசி.

அவர் செல்லத்துரையைப் பார்த்தார்.

செல்லத்துரை இரண்டு விரலை வாயில் வைத்து நீளமாக ஒரு விசில் அடித்தார்.

"ரைட், ரைட்! போலாம்!"

தனுஷ்கோடி கையுறையைக் கழற்றினார். கேசட்டை உதட்டருகே கொண்டுபோனார். கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

ஃபூ.

பாட்டு வந்தது! அறை முழுக்க வந்தது. திரையில் நீள வால் குரங்கு ஒன்று பட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஓடியது. முன்னால் ஒரு மரப்பாலம். மிதித்த பலகையெல்லாம் பின்னாலேயே கழன்று விழுந்தது.

"ஓடு! ஓடுறா!" என்று தனுஷ்கோடி கத்தினார். யாரை என்று அவருக்கே தெரியவில்லை.

கீழேயிருந்து டீ வந்தது. ஆறியது. ஆடை படிந்தது.

சபூரா பின்னால் வந்து நின்றார்.

"சார், போதும். இங்கயே சேவ் பண்ணி, அணைச்சுப் போடுங்க. அசலா போலியான்னு இப்பவே தெரிஞ்சிரும்."

தனுஷ்கோடியின் விரல் சுவிட்சுக்குப் போனது.

"தெரிஞ்சிக்கிட்டு நிம்மதியாத் தூங்குங்க தம்பி," என்றார் செல்லத்துரை.

திரையில் பாலம் ஆடியது. கடைசிப் பலகைக்கு அந்தப் பக்கம் காற்று எழும்பிக்கொண்டிருந்தது.

தனுஷ்கோடி சுவிட்சிலிருந்து விரலை எடுத்தார். பட்டத்தோடு தாவினார்.