பொறுங்க ஆண்டவரே, ஒரு வரிசைதான்

சிரிப்பு உண்டு, நிச்சயம். ஆனால் இப்போது கிடையாது. புதிருக்குப் பதில் சொன்ன பிறகுதான். அதுவரை பல்லைக் காட்டக் கூடாது.

எங்கள் கடற்கரைக் கோவிலில் கிறிஸ்துமஸ் குடிலுக்கு வைக்கோல் கிடையாது. வலைநூலில் முடிச்சுப்போட்டுப் பின்னிய தொட்டிலில்தான் குழந்தை இயேசுவின் சுரூபத்தைக் கிடத்துவோம். யாருடைய தொட்டில் முதலில் முடிந்து கனம் தாங்குகிறதோ, அவரே குழந்தையைக் கையில் ஏந்திக் கிடத்தலாம்.

அந்தப் பிற்பகல் பீடத்தின் முன்னே மூன்று பேர் பின்னிக்கொண்டிருந்தார்கள். பிலோமி மதினி, தொபியாஸ் மாமா, ரொசாரி அக்கா. அக்காவுக்குக் கல்யாணமாகி வெகுகாலம், பிள்ளையில்லை. ஒருமுறையாவது அந்தக் குழந்தையை ஏந்திவிட ஆசை. கைதான் மெதுவு. வருஷாவருஷம் அவள் முடிப்பதற்குள் வேறு யாராவது கிடத்திவிடுவார்கள்.

கண்ணாடிச் சன்னல் வெயில் தரையில் நீலமும் சிவப்புமாக மிதந்தது. கடல் தூக்கத்தில் மூச்சுவிடுவதுபோல் கேட்டது. சாம்பிராணித் தூசி படிந்த பீடத் திரைக்குப் பின்னாலிருந்து, குடத்துக்குள் பேசுகிறாற்போல ஒரு குரல் முழங்கியது:

"பிள்ளைகளே, போதும்... உங்கள் அன்பை ஏற்றுக்கொண்டேன்... குழந்தையைக் கிடத்துங்கள்..."

பெரிய வெள்ளியன்று கோவிலில் ஆண்டவர் பேசும் பாகத்தை வாசிப்பவரின் அதே இழுவை!

பிலோமி மதினி நூலைப் போட்டுவிட்டு மண்டியிட்டு அழுதாள். தொபியாஸ் மாமா, "இதோ சாமி, இதோ!" என்று மிச்ச முடிச்சுகளை அவசரமாகச் சுருக்கிவிட்டுச் சுரூபத்தைத் தூக்கினார். ரொசாரி அக்காவுக்குக் கண் கலங்கியது. தலையை மட்டும் நிமிர்த்தவில்லை.

"கொஞ்சம் பொறுங்க ஆண்டவரே, ஒரு வரிசைதான். முடிச்சு நழுவினா பிள்ளை விழுந்திரும்."

கும்பிட்டவர் ஒருவர், விரைந்தவர் ஒருவர், ஆண்டவரையே காக்கவைத்தவள் ஒருத்தி. சொல்லுங்கள், இவர்களில் யார் செய்தது சரி?

ரொசாரி அக்காதான். கும்பிட்டவரின் தொட்டில் பாதியில் நின்றது. விரைந்தவரின் முடிச்சுகள் நழுவி, குழந்தை வழுக்கி, மாமா பாய்ந்து பிடிக்க வேண்டியதாயிற்று. அக்கா போட்ட ஒவ்வொரு முடிச்சும் ஒரு ஜெபம். முழுதாக ஜெபிக்கிறவளுக்காக ஆண்டவர் காத்திருக்க மாட்டாரா?

அக்கா கடைசி வரிசையை முடித்ததும், மாமா குழந்தையை அவள் கையில் கொடுத்தார். மார்போடு அணைத்து, மெல்லக் கிடத்தினாள். தொட்டில் அசையாமல் தாங்கியது. அந்த நேரம் பார்த்து...

"அச்சூ!"

"ஐயோ, குளிருதாய்யா என் ராசாவுக்கு?" என்று முந்தானையால் சுரூபத்தைப் போர்த்தினாள் அக்கா.

"அச்சூ!"

போர்த்திய கை அப்படியே நின்றது. குழந்தையைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். திரைக்குக் கீழே ஒரு குடமும் என் இரண்டு கால்களும்.

"ஏட்டி ஜெசிந்தா!"