மகாராஜா வாயில் கொழுக்கட்டை

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்பதால் நாம் சொல்லாமல் விடுகிற ஒரு ராஜ்ஜியத்தில், வீரகேது என்றொரு மகாராஜா இருந்தார். கோபம் அவருக்கு மூக்கு நுனியில். ஆஸ்தான பண்டிதர் நரஹரி ஒருநாள், "நூற்றெட்டு ருத்திராட்சத்தையும் இடையில் நிறுத்தாமல் உருட்டி மந்திரம் ஜபித்தால் மனம் குளம்போல் அடங்கிவிடும், பிரபு" என்று சொல்லிவைத்தார். பிடித்தது சனி.

மகாராஜா "சாந்தி, சாந்தி" என்று உரக்க ஜபிப்பார். இருபதாவது மணியில் எங்கோ ஒரு மயில் அகவும். "எவனது?" என்று கர்ஜித்துவிட்டு முதல் மணிக்குத் திரும்புவார். மயில்கள் காட்டுக்குத் துரத்தப்பட்டன. யானைகளின் கழுத்துமணிகளைக் கழற்றினார்கள். ஆட்டுரல் சத்தம் கேட்டதென்று, முப்பது வருஷமாக அரண்மனைக்கு மாவரைத்த தாயம்மாளை வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றிலிருந்து எல்லாருக்கும் மூன்று வேளையும் கஞ்சி.

விகடகவி சடகோபனுக்குக் கஞ்சி ஆகாது. தாயம்மாள் அழுதுகொண்டே போனது அதைவிட ஆகவில்லை. சும்மா இருந்திருக்கலாம். வாய் கேட்கவில்லை.

"மகாராஜா அமைதியைத் தேடத் தொடங்கியதிலிருந்து வேறு யாருக்கும் அமைதி இல்லை, பிரபு" என்று சபையில் சொல்லிவிட்டான்.

மகாராஜா சிரிக்கவில்லை. நரஹரி இதற்காகவே காத்திருந்தவர்.

"அப்படியானால் நாளை ஜபத்துக்கு இவரே காவல் இருக்கட்டுமே, பிரபு. யார் வாயிலிருந்து சத்தம் வந்தாலும் அந்த வாயை இவர் அடைக்க வேண்டும். ஜபம் முடியாவிட்டால் நாட்டை விட்டுப் போக வேண்டும்."

"அப்படியே ஆகட்டும். ஓலை எழுதுங்கள்."

"ஆள் யார் என்று பார்க்கக் கூடாது என்பதையும் சேர்த்துவிடலாம், பிரபு. இவர் வேண்டியவர் முகம் பார்ப்பார்."

சேர்த்தார்கள். முத்திரையும் விழுந்தது.

சடகோபன் நேரே தாயம்மாள் வீட்டுக்குப் போனான்.

"தாயம்மாக்கா, ஒரு தட்டு கொழுக்கட்டை வேணும். ஒண்ணு வாயில போட்டா மறுவார்த்தை வரக் கூடாது."

"ஊரை விட்டுப் போறவனுக்கு வழிச்சோறா?"

"அது உன் கொழுக்கட்டை கையிலதான் இருக்கு."

மறுநாள் காலை அந்தத் தட்டைப் பிள்ளையாருக்குப் படைத்து எடுத்துக்கொண்டு வந்து நின்றான். ஜபம் ஆரம்பித்தது. முப்பதாவது மணியில் நரஹரி, தொண்டையில் முள் சிக்கியவர்போலக் கனைத்தார். சடகோபன் ஒரு கொழுக்கட்டையை அவர் வாயில் திணித்தான். ஆனால் கனைப்பு வேலையைச் செய்துவிட்டது.

"யாரடா அது?" என்று அரண்மனையே அதிரக் கத்தினார் மகாராஜா.

சடகோபன் தட்டையும் மகாராஜாவையும் மாறிமாறிப் பார்த்தான். அடைத்தால் தலை போகும்; அடைக்காவிட்டால் ஊர் போகும். நல்ல உத்தியோகம் பார்த்தோம் என்று தன்னையே நொந்துகொண்டு, கண்ணை இறுக மூடி, மகாராஜா வாயிலேயே ஒன்றை வைத்து அடைத்தான்.

மகாராஜாவின் விழிகள் பிதுங்கின. துப்பலாம் என்றால் பிள்ளையார் பிரசாதம். பிரசாதத்தைத் துப்பக் கூடாது. திட்டலாம் என்றால் வாயில் இடமில்லை. மென்றார். பழகிய விரல்கள் தாமாக முதல் மணியிலிருந்து உருட்டத் தொடங்கின. மந்திரம் சத்தமில்லாமல் உள்ளே ஓடியது. வாய் திறந்தபோதெல்லாம் இன்னொன்று உள்ளே போனது. தட்டு பாதி காலியானபோது, முன்பு ஒருநாளும் எட்டாத கடைசி மணி விரலில் தட்டியது.

மகாராஜா விழுங்கிவிட்டுக் கேட்டார். "என் வாயையா அடைத்தாய்?"

"ஆள் யார் என்று பார்க்கக் கூடாதென்று உத்தரவு, பிரபு. அடியேன் கண்ணை மூடிக்கொண்டுதான் அடைத்தேன்."

மகாராஜா ஓலையைப் பார்த்தார். இன்னும் மென்று முடிக்காமல் விழித்துக்கொண்டிருந்த நரஹரியைப் பார்த்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இத்தனை நாளும் பெரிய சத்தம் நான்தானா? என்ன வேண்டும், கேள்."

"தாயம்மாள் திரும்பி வரட்டும், பிரபு. ஆட்டுரலோடு."

மகாராஜா முத்துமாலையைக் கழற்றிச் சடகோபன் கழுத்தில் போட்டு, தாயம்மாளுக்குப் பல்லக்கு அனுப்பினார்.

மறுநாள் பின்கட்டில் ஆட்டுரல் கடகடத்தது. மகாராஜா முகம் சுளிக்காமல் ஜபத்துக்கு உட்கார்ந்தார். ருத்திராட்சத்தைக் கையில் எடுக்குமுன் ஒன்றே ஒன்று கேட்டார்.

"இன்று பூரணம் தேங்காயா, எள்ளா?"